அரக்கு, டூகோ, நகப்பூச்சு: மின்கிதாரின் மேற்பூச்சும் வீட்டுப் பட்டறையும்

பழைய மின்கிதார்களை வாங்கி விற்கும் உலகில் 'ஒரிஜினல்' என்ற ஒரு சொல்லே விலையைத் தீர்மானிக்கிறது. 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு கிதாரின் உடலில் ஆலையில் பூசிய பூச்சு அப்படியே எஞ்சியிருந்தால் அது அரும்பொருளாகிறது. இடையில் எவரோ அதைச் சுரண்டி வேறு நிறம் பூசியிருந்தால், மரமும் காந்தச்சுருளும் மாறாதிருந்தாலும் அதன் மதிப்பு பெரிதும் சரிகிறது. ஆலைப் பூச்சு கருவியின் பிறவி இயல்பு, வீட்டுப் பூச்சு பின்னாளில் நேர்ந்த பழுது என்ற எண்ணம் இவ்வழக்கத்தின் அடியில் இருக்கிறது. பூச்சின் வரலாற்றைச் சற்று உற்று நோக்கினால் இவ்வெண்ணம் நிலைபெறுவதில்லை. மின்கிதாரின் நிறங்கள் கார்ப்பட்டறையிலிருந்தும் சைக்கிள் கடையிலிருந்தும் நகப்பூச்சுக் குப்பியிலிருந்தும் வந்தவை. அவற்றைக் குறிக்கும் சொல்லோ அதற்கும் நெடுங்காலம் முன்பு இந்தியக் காடுகளிலிருந்து புறப்பட்டது.

அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம். கிதாரின் மேற்பூச்சை ஆங்கிலத்தில் 'லாக்கர்' என்பர். முத்திரை அரக்கைக் குறித்த 'லாக்ரே' என்ற போர்ச்சுகீசியச் சொல்லின் வழியாக அது ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் முன்வடிவம் அரபு, பாரசீக மொழிகளில் 'லக்'. அதற்கும் பின்னே சென்றால் பிராகிருத 'லக்கா', சமற்கிருத 'லாக்ஷா' ஆகியவற்றை அடைகிறோம். அதர்வவேதத்தில் லாக்ஷா புண்ணை ஆற்றும் மருந்தாகப் போற்றப்படுகிறது. ஒரு மரக்கொம்பில் இலட்சக்கணக்கான பூச்சிகள் மொய்ப்பதால் இப்பெயர் வந்தது என்ற விளக்கம் பாடநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. கேட்க இனிமையானது என்றாலும் இதை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். சிவப்பு என்னும் பொருளுடைய வேரோடு இணைத்துக் காண்பதே சொற்பிறப்பியலாளர் பலருக்கு உடன்பாடு.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'அரக்கு' என்ற சொல்லையும் இக்குடும்பத்திலேயே சேர்க்கிறது. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாராத தமிழில், அகரம் முன்வந்து சேர்வதும் 'க்ஷ' இரட்டைக் ககரமாவதும் பழகிய மாற்றங்கள். 'ராக்ஷச' என்பது 'அரக்கன்' ஆனதும் இதே வழியில்தான். தனித்தமிழ் வேர் காண்போரும் உண்டு. அவர்களும் செம்மைப் பொருளையே அடிப்படையாகக் கொள்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. எவ்வாறாயினும் சொல் தமிழில் மிகப் பழையது. குறிஞ்சிப்பாட்டில் மலரின் செம்மைக்கு அரக்கு உவமையாக வருகிறது. பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையைக் கதை கேட்ட குழந்தைகள் எல்லாரும் அறிவர். அஞ்சலகப் பொதியின் அரக்கு முத்திரையிலும், சேலைக் கடையில் 'அரக்குக் கலர்' என்று கேட்கும் வழக்கிலும் அதே சொல் இன்றும் வாழ்கிறது.

அரக்கு ஒரு பூச்சியின் கசிவு. புரசு, குசும், இலந்தை மரங்களின் இளங்கொம்புகளில் குடியேறும் சிறு பூச்சிகள் சாற்றை உறிஞ்சித் தம்மைச் சுற்றிப் பிசின் கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரு கிலோ அரக்குக்கு ஏறத்தாழ 3 லட்சம் பூச்சிகள் தேவை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அரக்கின் நிலைகளைத் தமிழ் நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. கொம்போடு ஒட்டியபடியே வெட்டியெடுப்பது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, கழுவி, நீண்ட துணிப்பையில் இட்டு, நெருப்பின் முன் பையை முறுக்கிப் பிழிந்து, கசியும் குழம்பைக் கையாலும் காலாலும் பற்களாலும் பிடித்து மெல்லிய தகடாக இழுத்து, ஆறியபின் உடைத்தால் கிடைக்கும் செதில்கள் அவலரக்கு. அவலைப் போல் தட்டையாக இருப்பதால் அப்பெயர். இதே பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ஷெல்லாக்' என்று பெயர். செதில் வடிவிலான அரக்கு என்னும் பிரெஞ்சுத் தொடரின் பெயர்ப்பு அது. ஒரே தகட்டைப் பார்த்த ஐரோப்பியருக்கு மீனின் செதிலோ சிப்பியின் ஓடோ நினைவுக்கு வர, தமிழருக்கு உரலில் இடித்த அவல் நினைவுக்கு வந்திருக்கிறது.

ஐரோப்பிய நரம்புக்கருவிகளின் மேற்பூச்சில் இந்த அவலரக்குக்கு நீண்ட ஆட்சி இருந்தது. அதைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சை உள்ளே பொதிந்த துணிப் பொட்டலத்தால் மெல்லிய படலங்களாக நூறு முறைக்கும் மேல் தேய்த்து ஏற்றும் முறைக்கு 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர் வந்தது. நைலான் நரம்பு பூட்டிய செவ்வியல் கிதார்களின் உயர்ந்த செய்முறைகளில் இன்றும் அதுவே நடைமுறை. மரத்தின் அதிர்வைத் தடுக்காத அளவுக்கு மெல்லியது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தென்னிந்தியாவிலோ அரக்கைக் கரைக்காமலே பூசும் மரபு ஒன்று உண்டு. சென்னபட்டணத்துப் பொம்மைகளிலும் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களிலும், கடைசலில் சுழலும் மரத்தின் மேல் நிறமூட்டிய அரக்குக் குச்சியை அழுத்துவர். உரசலின் சூட்டில் அது உருகிப் படியும். சென்னபட்டணத்தில் தாழை மடலால் தேய்த்து அதற்குப் பளபளப்பு ஏற்றுவர். கரைப்பானும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் உருண்டையான பொருளுக்கே இது பொருந்தும். கிதாரின் வளைந்த உடல் கடைசலில் சுழலாது.

இசைக்கும் அரக்குக்கும் இன்னோர் உறவும் இருந்தது. 78 சுற்று இசைத்தட்டுகள் அரக்கையும் கனிமத் தூளையும் கலந்து அழுத்தியவை. கிராமபோன் கம்பெனி 1908இல் கொல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை தொடங்கியபோது மூலப்பொருள் அண்டையிலேயே கிடைத்தது. 1942இல் அமெரிக்க அரசு போர்த்தேவைக்காக அரக்குப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியபோது, அந்நாட்டின் இசைத்தட்டு உற்பத்தியே தடுமாறியது. சோட்டாநாகபுரி மேட்டு நிலத்தின் ஒரு பூச்சி நியூயார்க்கின் இசை வணிகத்தை அசைத்தது எனில் அது மிகையன்று. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924இல் அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அமைந்ததன் பின்னணியும் இவ்வுலகச் சந்தைதான்.

'லாக்கர்' என்ற சொல்லோ இதற்கிடையில் பொருளை மாற்றிக்கொண்டே சென்றது. சீனத்திலும் சப்பானிலும் பளபளக்கும் மரக்கலங்களைக் கண்ட போர்ச்சுகீசியர் அவற்றையும் அதே பெயரால் அழைத்தனர். அப்பூச்சு ஒரு மரத்தின் பால். பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்து, 1846இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் சோன்பைன் அறிவித்த வெடிபஞ்சு வந்தது. பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் இட்டுப் பெற்ற நைட்ரோசெல்லுலோஸ் அது. முதல் உலகப்போர் முடிந்தபின், வெடிமருந்துக்காகப் பெருகிய ஆலைத்திறனை வேறெதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி டூபாண்ட் நிறுவனத்தின் முன் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று, 1923இல் சந்தைக்கு வந்த 'டூகோ' என்னும் கார்ப்பூச்சு. அதுவரை ஒரு காரின் உடலுக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது; டூகோ அதை மிகச் சில நாள்களாகச் சுருக்கியது. கறுப்பைத் தவிர வேறு நிறங்களும் மலிவாயின. இதற்கும் 'லாக்கர்' என்றே பெயர். அரக்கு ஒரு துளியும் இல்லாத பொருளுக்கு அரக்கின் பெயர். பண்டம் மாறியும் பெயர் மாறாத இத்தகைய சொற்களே சமூக வரலாற்றுக்குப் பெருந்துணை.

கலிபோர்னியாவின் புல்லர்ட்டனில் 1938இல் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தவர் லியோ பெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவர் வடிவமைத்த திண்ம உடல் மின்கிதார்கள் 1950இல் வெளிவரத் தொடங்கின. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. உட்கூடு இல்லாத பலகையில் ஒலியைக் காந்தச்சுருள் பிறப்பிப்பதால், மேற்பூச்சு மெல்லியதாக இருக்கவேண்டும் என்ற பழைய நெருக்கடி இங்கே வெகுவாகத் தளர்ந்துவிட்டது. உடலை ஒரு காரின் கதவைப் போலவே நடத்தலாம். பெண்டர் நிறுவனம் அதையேதான் செய்தது. அதன் 1956ஆம் ஆண்டு விலைப்பட்டியல், கூடுதலாக 5 விழுக்காடு செலுத்தினால் விரும்பிய டூபாண்ட் டூகோ நிறத்தைப் பூசித் தருவதாக அறிவித்தது. 'பியஸ்டா ரெட்' போர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். 'லேக் பிளாசிட் புளூ', 'சோனிக் புளூ' ஆகியவை கேடில்லாக் கார்களின் நிறங்கள். 'சர்ப் கிரீன்' செவர்லேயினுடையது. இன்று ஏலத்தில் வியந்து பேசப்படும் இந்நிறங்களைத் தெருமுனைக் கார்ப்பூச்சுக் கடையில் எவரும் அன்று வாங்கியிருக்க முடியும்.

இந்த ஓட்டம் எப்போதும் பெருந்தொழிலிலிருந்து சிறுபட்டறைக்கு என்ற திசையிலேயே இருந்ததும் இல்லை. 'கேண்டி ஆப்பிள் ரெட்' என்பது, உலோகத் துகள் கலந்த அடிப்பூச்சின் மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பை ஏற்றும் முறை. கார்களை உரிமையாளர் விருப்பத்துக்கேற்ப உருமாற்றித் தந்த ஜோ பெய்லான் என்ற கலிபோர்னியப் பட்டறைக்காரர் 1950களில் அதை உருவாக்கினார். பெண்டரின் நிறப்பட்டியலில் அது 1960களில்தான் இடம்பெற்றது. அதாவது ஆலை, பட்டறையைப் பார்த்துக் கற்றது.

'ஒரிஜினல்' என்ற கருத்தின் வேரையே அசைக்கும் செய்தி ஒன்று உண்டு. விருப்ப நிறம் கேட்டு ஆணை வந்தபோது, ஏற்கெனவே மஞ்சளும் கறுப்புமாகச் 'சன்பர்ஸ்ட்' பூசி வைத்திருந்த உடல்களின் மேலேயே புதுநிறத்தை அடித்து அனுப்பிய நிகழ்வுகள் பெண்டர் ஆலையில் உண்டு. வாசித்து வாசித்து மேற்பூச்சு தேய்ந்த கிதார்களில் அடியிலிருக்கும் சன்பர்ஸ்ட் எட்டிப் பார்க்கிறது. ஆலைக்குள்ளேயே நடந்த மறுபூச்சு அது. அக்கிதார்களை எவரும் மறுபூச்சுக் கிதார் என்று விலை குறைப்பதில்லை. பிரிட்டனிலோ 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்குத் தடை இருந்தது. தடை நீங்கியதும் ஹாங்க் மார்வினின் கையில் தோன்றிய சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கண்ட இளைஞர்கள் எல்லாரும் சிவப்பையே கேட்டனர். சன்பர்ஸ்ட்டாக வந்திறங்கிய கிதார்களுக்கு உள்நாட்டிலேயே சிவப்பு அடித்து விற்கப்பட்டது. ஒரே செயல் ஆலைக்குள் நடந்தால் படைப்பு, கடையில் நடந்தால் வணிகம், வீட்டில் நடந்தால் சேதம் என்னும் இப்பாகுபாடு பொருளின் தன்மையைப் பற்றியதன்று. செய்தவரின் தகுதியைப் பற்றியது.

வீட்டுப் பூச்சின் வரலாறு சான்றுகள் நிறைந்தது. 1963இல் லண்டனை அடுத்த ஒரு வீட்டில், பெண்டர் வாங்க வசதியில்லாத பள்ளிச் சிறுவன் பிரையன் மே, தன் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். கழுத்து, பழைய கணப்பு ஒன்றின் மேற்சட்டமாயிருந்த மகாகனி மரம். நடுங்குகோல் அமைப்பின் சுருள்வில்கள் பழைய மோட்டார் சைக்கிளினுடையவை. மேற்பூச்சு, மரவேலைக் கடையில் கிடைத்த 'ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங்'. அடுக்கடுக்காகப் பூசிக் கையாலேயே மெருகேற்றிய அந்தச் சிவப்புக் கிதார்தான் பின்னர் குயீன் குழுவின் ஒலியானது.

ஜார்ஜ் ஹாரிசன் 1967இல் தம் 1961ஆம் ஆண்டு 'சோனிக் புளூ' ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மேல் ஒளிரும் வண்ணங்களைத் தாமே பூசினார்; தலைப்பகுதிக்கு மனைவி பாட்டி பாய்டின் நகப்பூச்சைப் பயன்படுத்தினார். சேகரிப்பாளர் சிலருக்கு இது இன்றும் நெஞ்சு பதைக்கும் செய்தி. வேதியியல் நோக்கில் பதைக்க ஒன்றுமில்லை. நகப்பூச்சின் அடிப்படைப் பொருளும் நைட்ரோசெல்லுலோஸே. கார்ப்பூச்சும் கிதார்ப்பூச்சும் நகப்பூச்சும் ஒரே வெடிபஞ்சின் பிள்ளைகள். பாய்டின் குப்பியிலிருந்தது, நீலத்தின் உடன்பிறப்பான ஒரு பச்சை.

மூன்றாமவர் எடி வான் ஹேலன். குறையுள்ள உடல் 50 டாலருக்கும் கழுத்து 80 டாலருக்கும் வாங்கி, ஒட்டுநாடாவால் கோடுகளை மறைத்துக் கறுப்பும் வெள்ளையும் அடித்தார். 1979இல் அதன் மேல் ஷ்வின் சைக்கிள்களுக்கான சிவப்பை அடித்தார். அக்கிதாரின் ஒவ்வொரு கீறலையும் சிகரெட் சுட்ட தடத்தையும் அளந்து படியெடுத்து, 2007இல் பெண்டரின் தனிப்பட்டறை 300 நகல்களை ஒன்று 25,000 டாலருக்கு விற்றது. ஹாரிசனின் நகப்பூச்சுக் கிதாரும் 2020இல் ஆலை நகலாக வெளிவந்தது. 1995 முதல் செயற்கையாகத் தேய்த்துப் பழமையூட்டிய கிதார்களை ஆலையே செய்து விற்கிறது. வீட்டில் அடித்த சைக்கிள் பெயின்டை ஆலை மதிப்புடன் நகலெடுக்கும் நிலை வந்தபின், எது மூலம் எது பழுது என்ற கணக்கு தலைகீழாகிறது.

இந்தியாவில் இக்கேள்வி வேறு வடிவம் கொண்டது. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்கவரியும் வெளிநாட்டுக் கிதாரை எட்டாக்கனியாக்கியிருந்தன. கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுச் செய்முறைகளே பலருக்குக் கிட்டின. அப்பெயரில் நிகழ்ந்திருக்கும் பகர வகர மாற்றம் மொழியியல் மாணவர் புன்னகைக்கத்தக்கது. சலில் சௌத்ரியின் குழுவில் கிதார் வாசித்த இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இசையமைப்பாளரானதும், மாண்டலினை மின்கருவியாக்கி ஐந்து தந்தி பூட்டிக் கருநாடக இசைக்குக் கொணர்ந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எழுந்ததும் இந்தப் பற்றாக்குறைக் காலத்தில்தான். கருவியைத் தமக்கேற்பத் திருத்திக்கொள்வது அன்று பொழுதுபோக்கன்று. இருப்பதை வைத்து வாசிக்கும் வழி.

தமிழ்ப் பட்டறைகளின் சொல்வழக்கும் இவ்வரலாற்றோடு பொருந்திப் போகிறது. மரத்தச்சரிடம் உள்ளவை உப்புத்தாள், ஸ்பிரிட் பாலிஷ், சீலர். கார்ப்பட்டறையில் வழங்குபவை பட்டி பார்த்தல், டிங்கரிங், வாட்டர் பேப்பர், பிரைமர், காம்பவுண்டு. ஆங்கிலப் 'புட்டி' தமிழில் 'பட்டி'யாகி, 'கணக்குப் பார்த்தல்', 'வேலை பார்த்தல்' போல 'பார்த்தல்' என்னும் வினையை ஏற்றது. ஓட்டைப் பாத்திரம் அடைப்பவரின் தொழிலைக் குறித்த 'டிங்கர்' தகட்டின் நெளிவெடுக்கும் தொழிலாகியது. மின்கிதாருக்கு வண்ணம் அடிக்கும் ஒருவர் இவ்விரு அகராதிகளையும் கலந்தே பேசவேண்டியிருக்கிறது. அடியில் தச்சு, மேலே கார். புல்லர்ட்டனில் 1956இல் நடந்ததும் இக்கலவைதான். ஆகவே, கிதாரைத் தூக்கிக்கொண்டு இருசக்கர வண்டி பெயின்ட் கடைக்குப் போகும் இளைஞரை அறியாமையில் செய்கிறார் என்று இகழ்வது பொருந்தாது. வரலாற்று முறைப்படி அவர் சரியான இடத்துக்குத்தான் போகிறார்.

இவ்வேலையை ஷாதிபூரில் வைத்துப் பார்த்தால் மரமும் காற்றும் தத்தம் பங்கைக் கேட்கத் தொடங்குகின்றன. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட்பிளேர் நகரின் ஒரு பகுதி ஷாதிபூர். மகிழ்ச்சி என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் இந்துஸ்தானியில் திருமணத்தைக் குறிக்கலாயிற்று. அதனோடு சமற்கிருதப் 'புரம்' சேர்ந்த பெயர் இது. 1858இல் தொடங்கிய கைதிகள் குடியிருப்பில், நன்னடத்தைக்காகத் தனித்து வாழவும் மணம் புரியவும் இசைவு பெற்றவர்கள் இருந்தனர். ஊர்ப்பெயரை அவ்வரலாற்றோடு இணைத்துச் சொல்வது உள்ளூர் வழக்கு. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

ஷாதிபூரிலிருந்து சிறிது தொலைவிலேயே சாத்தம் தீவின் மர அறுவை ஆலை இருக்கிறது. 1883இல் நிறுவப்பட்டது. அங்கு அறுபட்ட மரங்களுள் புகழ்பெற்றது அந்தமான் படாக். பெயர் பர்மிய மொழியினது; மரமோ நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் ஒரே பேரினத்து உறவு. அதன் செம்மைக்காக அமெரிக்க வணிகத்தில் 'வெர்மிலியன்' என்று பெயரிட்டு, புல்மன் ரயில்பெட்டிகளின் உள்ளலங்காரத்துக்குப் பயன்படுத்தினர். அச்செம்மையை வெட்டியதிலும் இழுத்ததிலும் கைதிகளின் உழைப்பு கலந்திருக்கிறது. இன்று கிதார்க் கழுத்துக்கும் உடலின் மேற்பலகைக்கும் படாக் விரும்பப்படுகிறது. ஆனால் உலகச் சந்தையில் அப்பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க இனம். 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதையும் தீவுகளுக்கு வெளியே மரம் அனுப்புவதையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டின் பக்கம் நின்று நோக்கினால் அது காலம் தாழ்ந்த நீதி.

படாக் வீட்டுப் பூச்சுக்காரரைச் சோதிக்கும் மரம். அதன் சிவப்புச் சாயம் சாராயத்தில் எளிதில் கரையும். படாக்கும் வெளிர்நிற மேப்பிளும் ஒட்டிய உடலில் அவலரக்குக் கரைசலைத் துணியால் தேய்த்தால், சிவப்பு கசிந்து வெள்ளை மரத்தில் கறையாகும். உப்புத்தாள் தேய்த்த தூளும் அதையே செய்யும். தூளைத் துடைக்காமல் காற்றால் ஊதி நீக்கி, முதற்படலத்தைத் தேய்க்காமல் மெல்லத் தூவி அடிப்பதும், நீரில் கரைந்த பூச்சை அடிப்படலமாக்குவதும் கைவந்த வழிகள். துளைகள் பெரிய மரமாதலால் பூச்சுக்கு முன் பட்டி பார்ப்பதும் தேவை. இவ்வளவு செய்தும் செம்மை நிலைக்காது. வெயில் படப்படச் சில ஆண்டுகளில் அது பழுப்பாகும். எந்தப் பூச்சும் அதைத் தள்ளிப்போடுமே அன்றி நிறுத்தாது.

காற்றோ மரத்தைவிடக் கடினம். போர்ட்பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரு பருவமழைகளும் சேர்ந்து மே முதல் டிசம்பர் வரை நீள்கின்றன. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீராவி அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்குகிறது. கண்ணாடி போல இருக்கவேண்டிய பூச்சு பால் போல வெளுக்கிறது. அரக்குப் பாலிஷுக்கும் இக்குறை உண்டு. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது ஒரு மாற்று. சனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களுக்குக் காத்திருப்பது அதனினும் சிறந்த மாற்று. நைட்ரோ பூச்சு மெருகேற்றும் அளவுக்கு இறுகவே நான்கு வாரங்கள் ஆகலாம் என்பதால், மார்ச் இறுதியில் தொடங்குபவர் மழையோடு பந்தயம் ஓட நேரிடும். விரைந்து தீப்பற்றும் தின்னரையும் அழுத்தக் குப்பிகளையும் வானூர்தியில் கொண்டுவர இயலாது. எனவே கடையில் இருப்பு தீர்ந்தால் அடுத்த சரக்குக் கப்பலை எதிர்நோக்க வேண்டும்.

இவ்விடத்தில் உடல்நலம் பற்றிய ஓர் எச்சரிக்கை தேவை. 1960களின் இறுதியில் ஆலைகள் நைட்ரோவை விட்டுப் பாலியெஸ்டருக்கும் பின்னர் பாலியுரேத்தேனுக்கும் மாறின. கார்ப்பட்டறைகளும் கடினப்படுத்தியைக் கலந்து அடிக்கும் இருகூற்றுப் பூச்சுக்கு மாறியுள்ளன. அக்கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் பின்னர் மிகச் சிறு அளவும் மூச்சைத் திணறச் செய்யும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. பெரிய ஆலைகளில் தனி அறையும் வெளிக்காற்றுக் குழாயும் இருப்பது அதனால்தான். வீட்டின் பின்கட்டிலும் மொட்டை மாடியிலும் அவை இல்லை. ஆலைப் பூச்சைப் போல வேண்டும் என்ற ஆசை, ஆலையின் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஆலையின் நஞ்சை அடிக்கத் தூண்டுகிறது. 'ஒரிஜினல்' என்ற சொல்லின் விலையை நுரையீரலால் கொடுப்பவர் பெரும்பாலும் வாசிப்பவர் அல்லர். பத்துக்குப் பத்து அறையில் நாள் முழுதும் தூவி அடிக்கும் தொழிலாளி.

இதனால் அவலரக்கு மீண்டும் கவனம் பெறுகிறது. மாத்திரைகளின் மேலும் ஆப்பிள்களின் மேலும் பூசி உண்ணத்தக்க பொருள் அது. மெத்தனால் கலவாத நல்ல சாராயத்தில் கரைத்தால் வீட்டுக்குள் கையாளக்கூடிய பூச்சுகளுள் தீங்கு குறைந்தது. தீயிடம் மட்டும் விழிப்பு வேண்டும். மெழுகு நீக்கிய அவலரக்கு ஏறக்குறைய எந்தப் பழைய பூச்சின் மேலும் ஒட்டும். அதன் மேல் ஏறக்குறைய எந்தப் புதுப்பூச்சும் ஒட்டும். அடியில் எண்ணெயோ சிலிக்கானோ பழைய நைட்ரோவோ எது இருந்தாலும், இடையில் ஒரு மெல்லிய அரக்குப் படலம் இரண்டையும் பிரித்து நிறுத்தும். எனவே மேலே சிவப்பு நைட்ரோ பளபளக்கும் மறுபூச்சுக் கிதார்கள் பலவற்றின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், பெயருக்குரிய அசல் அரக்கு இருக்கிறது. இந்திய அரக்கில் பாதிக்கும் மேல் இன்றும் சார்க்கண்டில் விளைகிறது. கொம்புகளை வெட்டிச் சேர்ப்போரில் பெரும்பாலோர் பழங்குடிக் குடும்பத்தினர்.

கரைத்த அரக்கு நாள்பட்டால் இறுகும் திறனை இழக்கும். ஆறு மாதத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது என்பது பட்டறை விதி. செதில்களாக உலர்ந்த இடத்தில் வைத்தால் நெடுநாள் தாங்கும். ஆனால் ஷாதிபூரின் வெப்பத்திலும் ஈரத்திலும் அச்செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடக்கூடும். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, வேலைக்கு வேண்டிய அளவை மட்டும் முதல்நாள் இரவு ஊறவைப்பதே அங்கு ஏற்றது.